மூன்று வார்த்தையும் ஒரு சிரிப்பும்

இந்த ஊர் மொழியைப் படிக்க நான் கிளம்பியது அறிவை வளர்த்துக்கொள்ள அல்ல. எனக்குக் காலை ஷிப்ட் வேண்டும், அவ்வளவுதான். ஆஸ்பத்திரிகளுக்குப் படுக்கை விரிப்பு துவைத்துத் தேய்த்துத் தரும் பெரிய சலவைக்கூடத்தில் எனக்கு வேலை. மதியம் ஒரு மணிக்கு உள்ளே போனால் ஒன்பதுக்குத்தான் வெளியே. மகளுக்கு அப்போது எட்டு வயது. பள்ளி மூன்று மணிக்கு விட்டுவிடும். என் வீட்டுக்காரரும் அதே இடத்தில்தான் லாரியில் மூட்டை ஏற்றி இறக்குகிறார். அவர் எட்டு மணிக்கு வந்து கூப்பிடும்வரை மகள் பக்கத்து வீட்டு சோஃபாவின் நுனியில் உட்கார்ந்திருப்பாள். அந்த வீட்டம்மாள் நல்லவள்தான். ஆனால் சாய்ந்து உட்காரச் சொன்னதில்லை.

எனக்காக மேற்பார்வையாளர் அம்மாவிடம் என் வீட்டுக்காரர் மூன்று தடவை கேட்டார். எனக்கு நாலு வருஷம் முன்னாலேயே இங்கே வந்தவர், இந்த மொழியில் வெளுத்து வாங்குவார் என்று சொந்தக்காரர்களிடமெல்லாம் அளந்து வைத்திருந்தேன். கடையிலோ ஆஸ்பத்திரியிலோ அவர் ஏதோ சொல்வார், எதிராளி சிரிப்பார், நான் பக்கத்தில் பெருமையாக நிற்பேன். ஆனால் ஷிப்ட் விஷயத்தில் மட்டும் மூன்று தடவையும் ஒரே பதில்தான் கொண்டுவந்தார்.

"இடமில்லையாம். பார்க்கலாம்னு சொல்றாங்க."

ஒரு வருஷம் பார்த்தேன். பிறகு நானே கேட்டுக்கொள்கிறேன் என்று நூலகத்தில் நடந்த இலவச வகுப்பில் போய்ச் சேர்ந்தேன்.

"உனக்கெதுக்கு இந்தத் தலைவலி? நான்தான் இருக்கேன்ல" என்றார்.

"நீங்க இருங்க. நானும் இருக்கேன்" என்றேன்.

முதல் இரண்டு மாதம் மானம் போனது. 'நாற்காலி எங்கே இருக்கிறது?' என்று டீச்சர் நாற்பது தடவை சொல்ல வைத்தாள். நாற்காலி எங்கே இருக்கிறது என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும், அதில்தான் உட்கார்ந்திருந்தோம். தேய்க்கும் மிஷினில் விரிப்பின் மறுமுனையைப் பிடிக்கிற பெண்ணிடம் தினம் ஒரு வாக்கியம் சொல்லிப் பார்ப்பேன். அவள் சிரிக்காமல் திருத்துவாள், விரிப்பு உள்ளே போய்விடும், அடுத்ததை எடுப்போம். நாலாவது மாதம் பஸ்ஸில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் படிக்க நினைக்காமலே படித்துவிட்டேன். எட்டாவது மாதம் மருந்துக்கடை வரிசையில் ஒருத்தன் குறுக்கே புகுந்தான். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டேன், பின்னால் போய் நின்றான். அந்த நாலு வார்த்தைக்கும் நான் தமிழில் யோசிக்கவே இல்லை என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

அதே சமயத்தில் என் வீட்டுக்காரருக்கு மொழி மறந்துகொண்டே வந்தது. முதலில் அப்படித்தான் நினைத்தேன்.

செருப்புக்கடையில் மகளுக்கு என்ன அளவு என்று கடைக்காரர் கேட்டார். இவர் ஒரு சிரிப்புச் சிரித்து 'சரி சரி' என்றார். கடைக்காரர் திரும்பவும் கேட்டார். 'ஒண்ணும் பிரச்சனையில்லை' என்றார். கடைக்காரரும் சிரித்துவிட்டு, குனிந்து அவரே காலை அளந்துகொண்டார். அதன்பிறகு ஒரு வாரம் கூடவே இருந்து காதைத் தீட்டிக்கொண்டு கவனித்தேன். 'சரி சரி', 'ஒண்ணும் பிரச்சனையில்லை', 'நாளைக்குப் பார்க்கலாம்'. இந்த மூன்றும் அந்தச் சிரிப்பும்தான் மொத்த சரக்கு. இதை வைத்துக்கொண்டு மனுஷன் ஏழெட்டு வருஷம் ஓட்டியிருக்கிறார். சிரிப்பு நல்ல சிரிப்பு, அதையும் சொல்ல வேண்டும்.

வகுப்பில் சேர்ந்து ஒரு வருஷம் முடிந்ததும், எனக்கு லீவு நாள் ஒன்றில் மேற்பார்வையாளர் அம்மாவின் அறைக்கு நானே போனேன். நின்று, தடுமாறாமல் கேட்டேன்.

"காலையில ரெண்டு இடம் ரொம்ப நாளா காலியாத்தானே இருக்கு. யாரும் கேக்கலையே" என்றாள்.

"என் வீட்டுக்காரர் மூணு தடவை வந்து கேட்டாரே?"

அவள் யோசித்தாள். "வந்தார். நின்னார், சிரிச்சார். ஒண்ணும் பிரச்சனையில்லைன்னார். நானும் சரின்னு அனுப்பிட்டேன். நல்ல மனுஷன்."

வீடு வரும்வரை மனசுக்குள் அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். தெரியாது என்று ஒரு வார்த்தை என்னிடம் சொல்லியிருக்கலாம். யாரிடமாவது ஒரு காகிதத்தில் எழுதி வாங்கிக் கொடுத்திருக்கலாம். அத்தனை பெரிய மூட்டையைத் தூக்குகிறவருக்கு ஒரு காகிதம் கனத்துவிட்டதா? வரட்டும், இரண்டு மொழியிலும் கிழி கிழி என்று கிழிக்கிறேன் என்று உட்கார்ந்திருந்தேன்.

வந்தார். ஷூவைக் கழற்றிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"என்ன சொன்னாங்க?"

பயந்துபோயிருந்தார். இத்தனை வருஷத்தில் அந்த முகத்தை நான் பார்த்ததில்லை.

"கெடைச்சிருச்சு. நீங்க முன்னாடியே சொல்லி வெச்சதாலதானாம்" என்றேன். சுத்தப் பொய்.

"நான்தான் சொன்னேன்ல" என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு சோற்றைப் போட்டேன்.

அடுத்த திங்கட்கிழமை மூன்று மணிக்குப் பள்ளி வாசலில் நின்றேன். மகள் என்னைப் பார்த்து ஓடிவரவில்லை, நிஜம்தானா என்பதுபோல் நடந்து வந்தாள். வழியில் இந்த ஊர் மொழியிலேயே கேட்டாள்.

"யாரும்மா கேட்டது? நீயா, அப்பாவா?"

"அப்பாதான்."

"அப்பாவுக்கு அதெல்லாம் கேக்கத் தெரியாதே."

நின்றுவிட்டேன். "உனக்கு எப்பலேருந்து தெரியும்?"

"ரெண்டாம் கிளாஸ் படிக்கும்போதே. கணக்குல நான் ரொம்ப மோசம்னு டீச்சர் சொன்னாங்க. அப்பா சிரிச்சாரு."

எனக்குக் கோபம் வந்தது, யார்மேல் என்று தெரியவில்லை. "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ரெண்டு வருஷம் அந்தப் பக்கத்து வீட்டுல போய் உக்காந்திருக்க வேண்டாமேடி. ஏன் சொல்லல?"

பையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"நீ வெளில வந்தாலே பயந்துட்டு இருப்பே. அப்பா பேசும்போது மட்டும்தான் பயப்பட மாட்டே. நான் சொன்னா அதுவும் போயிடும்ல."

அவள் அதைத் தமிழில் சொல்லவில்லை. ஒரு வார்த்தை விடாமல் எனக்குப் புரிந்தது.