அணைய மறுத்த பச்சை விளக்கு

அக்கா என்ற பொருளில் நாங்கள் மனாங் என்றழைக்கும் லூடியின் மடிக்கணினியில் கேமரா விளக்கு அணைவதில்லை என்று மறுபடியும் புகார் வந்தபோது எனக்குக் கடுப்புதான் வந்தது. வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு அவர் ஆங்கிலம் சொல்லித்தரும் இணையப் பக்கத்தை எழுதியவள் நான். வகுப்பு முடிந்ததும் கேமராவை விடுவிக்கும் வரி அதில் இருக்கிறது. அலுவலகத்தில் எல்லாருக்கும் அணைகிறது, இவருக்கு மட்டும் என்ன கேடு? ஜீப்னி என்ற சிறு பேருந்தில் ஏறி, ஹாரோ பகுதியில் இருக்கும் அவர் வீட்டுக்கே போனேன்.

ஒரே அறை. மேசைக்குப் பின்னால் கட்டிலில் அவர் கணவர் ஹெனாரோ, பக்கவாதத்தில் படுத்தவர். இரண்டு வகுப்புகளுக்கு நடுவில்தான் மனாங் அவருக்கு உடம்பு துடைத்துவிட வேண்டும். பக்கத்தை மூடினால் ஆசிரியை வரவில்லை என்று அடுத்த வகுப்பு பறிபோகும். மூடாவிட்டால் விளக்கு எரிகிறது. கணினிமேல் துண்டைப் போட்டு மறைத்தாலும் மனிதர் சட்டையைக் கழற்ற விடுவதில்லை.

"துண்டுக்குப் பின்னால அது முழிச்சுக்கிட்டுத்தானே இருக்கு," என்றார் ஹெனாரோ, குழறிய குரலில். "துறைமுகத்துல மூட்டை தூக்கினவன் நான். இப்படிக் கெடக்கிறதைப் பாக்க யாருக்கும் டிக்கெட் குடுக்கல."

"இன்னையோட வேலையை விட்டுடறேன் இண்டாய்," என்றார் மனாங் என்னிடம், தங்கையை அழைக்கிற மாதிரி. "வேற வழி தெரியல."

"இருங்க மனாங். எப்பவும் செய்யற மாதிரி ஒரு தடவை செஞ்சு காட்டுங்க."

சோதனை வகுப்பைத் திறந்தார். கேமராவுக்கு அனுமதி கேட்டு ஒரு பெட்டி வந்தது.

"ஒரேயடியா அனுமதி குடுத்துடலாமே?" என்றேன்.

"வீட்டுக்கு வர்றவங்க வாசல்ல குரல் குடுத்துட்டுத்தானே உள்ள வர்றாங்க? இதுவும் ஒவ்வொரு தடவையும் கேக்கட்டும்."

பெட்டிக்குப் பதில் சொல்லாமலே முந்தைய பக்கத்துக்குப் போய்ப் பிள்ளையின் பெயரைச் சரிபார்த்தார். திரும்பி வந்து 'இந்த முறை மட்டும்' என்பதை அழுத்தினார். பிறகு வகுப்பை முடித்தார். விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. முதலில் கேட்ட பக்கம் போய்விட்டது, அது கேட்ட கேள்வி மட்டும் பதிலுக்காகக் காத்திருந்தது. திரும்பி வந்ததும் புதிதாகத் திறந்த பக்கமும் அதையே கேட்டது. அவர் ஒரு முறை சரி சொன்னதும் கேமரா இரண்டு முறை திறந்தது. ஒன்றைத்தான் நான் எழுதிய வரி மூடியது. மற்றதை வாங்கிக்கொள்ள அங்கே யாரும் இல்லை, அதனால் மூடவும் யாரும் இல்லை. எங்கள் கணினிகளில் என்றைக்கோ நிரந்தர அனுமதி கொடுத்துவிட்டோம், நாங்கள் இதைப் பார்த்திருக்கவே முடியாது. ஜாக்கிரதையாக இருந்தவர் வீட்டில்தான் நான் எழுதியது, எனக்கே தெரியாமல், கண்ணைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தது. பயமும் பிரமிப்புமாக அந்த விளக்கையே பார்த்தேன்.

அங்கேயே உட்கார்ந்து திருத்தினேன். கேமரா கைக்கு வந்ததும், கேட்ட பக்கம் இன்னும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் உடனே விட்டுவிட வேண்டும். அவ்வளவுதான்.

மனாங் மறுபடியும் அதே மாதிரி போய், வந்து, அனுமதித்து, வகுப்பை முடித்தார்.

விளக்கு அணைந்தது. கடுகளவு வெளிச்சம் போன இடத்தை மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"போயிடுச்சா?" என்றார் ஹெனாரோ.

"போயிடுச்சு."

மனாங் கணினிமேல் போட்டுவைக்கும் துண்டை எடுத்து வெந்நீரில் நனைத்துப் பிழிந்தார். ஹெனாரோ அசையும் கையால் முதல் பொத்தானைத் தானே கழற்றினார். நான் வெளியே வந்து கதவைச் சாத்தினேன்.