நடுப்புள்ளி விழாத தெரு

அந்தத் தெருவை யாரும் அழிக்கவில்லை. ஜெசிந்தாவால் பொறுக்க முடியாமல் இருந்தது அதுதான்.

மைசூருவில் ஒரு வரைபட நிறுவனத்தில் அவளுக்கு வேலை. நகரத்தின் புதிய பாதாளச் சாக்கடைத் திட்டத்துக்கு மாஸ்க் என்ற கட்ட வரைபடம் தயாரித்துக்கொண்டிருந்தாள். ஊர் முழுவதையும் முப்பது மீட்டர் சதுரங்களாக வெட்டி, குடியிருப்பு எல்லைக்குள் வரும் சதுரத்துக்கு ஒன்று, வராததற்குப் பூஜ்யம் என்று போட வேண்டும். ஒன்று இருக்கும் இடத்தில் மட்டும்தான் குழாயின் அளவும் சரிவும் கணக்கிடப்படும். பூஜ்யம் இருக்கும் இடத்தைத் திட்டம் ஏறெடுத்தும் பார்க்காது.

கள ஆய்வில் ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் ஒரு புள்ளி குறித்து வந்திருந்தார்கள். மாஸ்க் முடிந்ததும் அந்தப் புள்ளிகளை அதன்மேல் போட்டுப் பார்ப்பது அவள் வழக்கம். யாரும் கேட்காத வேலை. அன்று நஞ்சன்கூடு ரயில் பாதையை ஒட்டி ஒரு வரிசைப் புள்ளிகள் வெறும் பூஜ்யங்களின்மேல் நின்றன. அந்த வீடுகளைச் சுற்றி எல்லைக்கோடு ஒழுங்காகத்தான் வரையப்பட்டிருந்தது. ஆனாலும் ஒரு சதுரம்கூட ஒன்று ஆகவில்லை.

காரணம் எளிது. சதுரத்தின் நடுப்புள்ளி எல்லைக்குள் விழுந்தால்தான் மென்பொருள் அதை உள்ளே என்று எடுத்துக்கொள்ளும். அந்தத் தெரு ஒரு சதுரத்தின் அகலம்கூட இல்லாத நாடா. ஒரு பக்கத்துச் சதுரங்களின் நடு தண்டவாளத்தில் விழுந்தது. மறுபக்கத்தவற்றின் நடு மழைநீர்க் கால்வாயில் விழுந்தது. இடையில் இருந்தவர்கள் கணக்கில் இல்லை.

நஞ்சன்கூட்டிலிருந்து தினமும் ரயிலில் வருபவள் அவள். தெருவின் முதுகு அவளுக்குத் தெரியும். நீலப் பீப்பாய்கள், பின்வாசலில் தேங்கிய கழிவுநீர், அதைத் தாண்ட ஒரு பலகை. அங்கே ஒருவர் பெயரும் தெரியாது.

குழுத் தலைவர் ஹேமந்திடம் காட்டினாள். அவர் திரையை வெகுநேரம் பார்த்தார். கெட்டவர் இல்லை. நடுப்புள்ளி விதி ஒப்பந்தத்திலேயே இருக்கிறது என்றார். எல்லையைத் தொட்டாலே ஒன்று என்று மாற்றினால் ஏரிக்கரையும் தோட்டமும் சேர்ந்து பரப்பளவு வீங்கிவிடும், திட்ட அலுவலகம் திருப்பி அனுப்பிவிடும் என்றார்.

"ஒரு தெரு, அஷ்டே, அவ்வளவுதான். அடுத்த ஃபேஸ்ல சேத்துக்குவாங்க."

"அடுத்த ஃபேஸுக்கும் இதே மாஸ்க்தான் சார் போகும்."

பக்கத்து இருக்கை சுலோசனா திரும்பாமலே சொன்னாள்: "அங்க இருக்கிறது உங்க தமிழாளுங்கதானே ஜெசி? அதான் பாசம் பொங்குது."

"பழனி வீடானாலும் உங்க பசம்மா வீடானாலும் சாக்கடை ஒரே மாதிரிதான் நாறும், அக்கா."

ஜெசிந்தா எல்லைக்கோடுகளை விட்டுவிட்டு வாசல் புள்ளிகளை எடுத்தாள். ஒரு வாசலாவது இருக்கும் சதுரத்துக்கு ஒன்று. அதைப் பழைய மாஸ்க்கோடு சேர்த்தாள். ஏரியில் வாசல் இல்லை, தோட்டத்தில் வாசல் இல்லை, அதனால் அவை உள்ளே வரவில்லை. ரயில் பாதைத் தெரு வந்தது. அதோடு நிற்கவில்லை. ஆலைச் சுவருக்குப் பின்னால், கல்லறை வேலியை ஒட்டி, கால்வாய் ஓரங்களில், ஊரெங்கும் மெல்லிய கீற்றுகளாகப் புதிய சதுரங்கள் தோன்றின. அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்திருந்தாள். ஒரு நகரத்தின் ஒல்லியான இடங்களில் யார் குடியிருப்பார்கள் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"ஒரு தெருன்னா நான் கண்ணை மூடிட்டிருப்பேன். நீ ஊரையே கொண்டாந்து வச்சிருக்க" என்றார் ஹேமந்த். பழையதையே அனுப்பச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

அவள் புதியதை அனுப்பினாள். எதை மாற்றினாள், ஏன் மாற்றினாள் என்று குறிப்பில் எழுதிக் கீழே தன் பெயரைப் போட்டாள். அவர் திரும்பி வந்ததும் அதைச் சொன்னாள். அவர் உட்காரவில்லை. நின்றபடியே அவள் குறிப்பைப் படித்தார்.

மாலைக்குள் திட்ட அலுவலகத்துப் பொறியாளர் கூப்பிட்டார். ஹேமந்த் "ஹௌது சார், ஹௌது" என்று ஆமாம் போட்டுக்கொண்டே இருந்தார். பிறகு போனை அவளிடம் நீட்டினார். மாட்டிவிடவா, பேச விடவா என்று அவளுக்குப் புரியவில்லை. வாங்கிக்கொண்டாள்.

விதியை மாற்ற நீ யார், பழையதை இப்போதே அனுப்பு என்றார் பொறியாளர். அவள் கன்னடத்தில்தான் பேசினாள், நிதானமாக.

"அந்த இடத்துல வாசல் இருக்கு சார். வாசலுக்கு நான் பூஜ்யம் போட மாட்டேன். விடணும்னா எந்தெந்தத் தெருவை விடணும்னு பேர் எழுதி, உங்க கையெழுத்தோட அனுப்புங்க. அப்புறம் யார் வேணா போடட்டும்."

மறுமுனையில் பேச்சு நின்றது. சுலோசனாவின் விசைப்பலகைச் சத்தமும் நின்றுபோயிருந்தது. இதுவரை அந்தத் தெருக்களை ஒரு விதி விட்டிருந்தது. இனி விடுவதற்கு ஒரு மனிதர் வேண்டும்.

"நீ அனுப்பினதையே வச்சுக்கறேன்" என்று சொல்லிப் பொறியாளர் போனை வைத்தார்.

ஹேமந்த் போனை வாங்கிச் சட்டைப்பையில் போட்டார். நாளையிலிருந்து அவள் இந்தத் திட்டத்தில் வேண்டாம், மரக் கணக்கெடுப்புக்குப் போகட்டும் என்றார். குரலை உயர்த்தவில்லை.

"போறேன் சார்," என்றாள். "என்னை ஏன் மாத்துனீங்கன்னு மட்டும் மெயில்ல போட்டுடுங்க."

அவர் அவளை ஒரு கணம் பார்த்துவிட்டுத் தன் இருக்கைக்குப் போனார். அவள் கிளம்பும்வரை மெயில் எதுவும் வரவில்லை.