குறுக்குக் கம்பில் ஓர் எலுமிச்சை

மூன்று வருஷமாகக் கல்லுமலைத் தோட்டம் கால்பந்துப் போட்டியின் கடைசி ஆட்டத்தில் தோற்றது. மூன்று முறையும் கோல் காத்தவன் அய்யாவு.

முதல் வருஷம் பந்து கம்பில் பட்டுத் திரும்பி, விழுந்து கிடந்த அவன் முதுகில் மோதி உள்ளே போனது. இரண்டாம் வருஷம் நடுவர் ஒரு பெனால்டி கொடுத்தார். பந்து பட்டது கையிலா தோளிலா என்று சாஆ ஊர்க் கடைத்தெருவில் இன்னும் பேசுகிறார்கள். மூன்றாம் வருஷம் உருண்டு வந்த பந்து மழைக் குட்டையில் நின்றுவிட்டது. பந்து வரும் என்று அய்யாவு காத்திருந்தான். பந்து வரவில்லை. எதிராளி வந்தான்.

ரப்பர் விலை விழுந்ததும் அந்த வருஷம்தான். அதையும் அவன் தலையில் போட்டார்கள்.

ராசியில்லாதவன் என்ற பேர் லயத்து வீடுகளில் முதலில் விளையாட்டாகத்தான் வந்தது. பிறகு பக்கத்து வீட்டுக் காளியப்பன், காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக்குக் கிளம்பும்போது அய்யாவு வாசலில் நிற்கிறானா என்று கதவிடுக்கில் பார்க்கத் தொடங்கினான். ஒரு நாள் பார்க்காமல் வந்து அவன் முகத்தில் முழித்துவிட்டான். அன்று மழை பிடித்து, ரப்பர் பால் வடியும் மங்குகளுக்குள் இறங்கியது. மங்குகளில் பாலும் தண்ணீருமாக நின்றது. மறுநாளிலிருந்து தலையில் துண்டைப் போட்டு முகத்தை மூடிக்கொண்டு நடந்தான். அவனைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் துண்டு போட்டார்கள்.

கங்காணி வீட்டுக் கல்யாணத்தில் அய்யாவுக்குச் சமையல் கொட்டகையில் வேலை கொடுத்தார்கள். பந்தல் பக்கம் வர வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. பிளக்க வேண்டிய விறகுதான் தீரவே இல்லை.

அவன் மனைவி வெள்ளையம்மா சும்மா இருப்பவள் அல்ல.

"எங்க வீட்டுக்காரர் மூஞ்சில முழிச்சா பால் கொறையுதா? நீ ஒன் மூஞ்சியக் கண்ணாடில பாத்துட்டுக் கெளம்பு காளியப்பா. மரமே சாஞ்சிரும்."

காளியப்பன் துண்டுக்குள்ளிருந்து சிரிப்பான். துண்டை எடுக்கமாட்டான்.

நான்காம் வருஷமும் கல்லுமலை கடைசி ஆட்டத்துக்கு வந்தது. ஆட்டத்துக்கு முந்தின வாரம் அணித் தலைவன் வீரமுத்து அய்யாவைத் தேடி வந்தான். வெகு நேரம் கோழியைப் பற்றிப் பேசினான். அப்புறம் சொன்னான்.

"இந்தத் தடவையும் போச்சுன்னா அடுத்த வருஷம் கோல்ல என் மச்சான் நிப்பான். நான் சொல்லலண்ணே. எல்லாரும் சொல்றாங்க."

"நான் பந்து புடிக்கிறது சரியில்லையா?"

"சேச்சே. நல்லாத்தான் புடிக்கிறீங்க. ராசிதான்..."

"ராசிய எப்படிப் பழகறது?"

வீரமுத்து அதைத் தோட்டத்துக் கோயில் பூசாரியிடம் கேட்கப் போனான். பூசாரியிடம் ஒரு வழி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குமேல் மழை விட்டது. ஆட்டம் இரட்டைப்பாலத் தோட்டத்தோடு. ஆற்றோரத் திடலில் இரண்டு தோட்டத்து ஆட்களும், பக்கத்து மலாய்க் கிராமமான கம்பத்து ஆட்களும், கடைத்தெருச் சீனர்களும் கூடியிருந்தார்கள். கோலுக்கு வலை கிடையாது. இரண்டு கம்பு, மேலே ஒரு குறுக்குக் கம்பு. பந்து உள்ளே போனதா, மேலே போனதா, வெளியே போனதா என்பதை நடுவர் கண்ணால் பார்த்துச் சொல்ல வேண்டும்.

நடுவர் கிரகோரி செகாமட்டிலிருந்து வந்திருந்தார். ரயில்வே குமாஸ்தா. மூக்குக்கண்ணாடி. சட்டைப்பையில் விதிப் புத்தகம். எதற்கும் அதைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்.

பக்கம் முடிவானதும் பூசாரி அய்யாவின் கோலுக்கு வந்தார். சூடம் காட்டினார். கம்பு இரண்டிலும் திருநீறு பூசினார். ஓர் எலுமிச்சம்பழத்தையும் நாலு மிளகாயையும் கறுப்புக் கயிற்றில் கோத்து, குறுக்குக் கம்பின் நடுவில் தொங்கவிட்டார்.

"இனி இந்த வாசல்ல எதுவும் உள்ள போகாது" என்றார்.

"பூசாரியே நிக்கலாமே" என்றாள் வெள்ளையம்மா, கோட்டுக்கு வெளியே இருந்து. "எங்க ஆளு எதுக்கு?"

முதல் பாதியில் அய்யாவு இரண்டு முறை நெஞ்சோடு பந்தை அணைத்துச் சேற்றில் விழுந்தான். ஒரு முறை காற்றில் பாய்ந்து விரல் நுனியால் தட்டிவிட்டான். மலாய்க் கிழவர் ஒருவர் "அலமாக்!" என்று வியந்து எழுந்து நின்றுவிட்டார்.

"பாத்தியா? எலுமிச்சை புடிச்சிருச்சு" என்றான் காளியப்பன்.

"எலுமிச்சைக்குத்தான் மொழங்கை பேந்திருக்கு, பாரு" என்றாள் வெள்ளையம்மா.

இடைவேளை. இரண்டு பக்கமும் கோல் இல்லை. கல்லுமலைக்காரர்கள் சந்தோஷமாகத் தேநீர் குடித்தார்கள். கிரகோரி ஊதலை ஊதி, பக்கம் மாறச் சொன்னார்.

அப்போதுதான் வீரமுத்துவுக்கு உறைத்தது.

எலுமிச்சை அங்கே தொங்கியது. இனி அந்தக் கோல் இரட்டைப்பாலத்துக்கு. உள்ளே எதுவும் போகாது. போக வேண்டியதோ கல்லுமலையின் பந்து.

அவன் நடுவரிடம் ஓடினான்.

"சார், பக்கம் மாத்தாம ஆடலாமா?"

"ரூல்ல இல்லை."

"அப்போ அந்த எலுமிச்சைய அவுத்து இந்தப் பக்கம் கட்டிக்கிறோம்."

இரட்டைப்பாலத்துத் தலைவன் சபாபதி குறுக்கே வந்தான். பெரிய தொடைக்காரன். குரல் அதைவிடப் பெரியது.

"கட்டினது கட்டினதுதான் மாமா. இனி கோலு எங்களது. கோல்ல தொங்கறதும் எங்களது. வீட்ட மாத்தினா மரத்தப் புடுங்கிட்டா போவீங்க?"

"எங்க பூசாரி கட்டினதுடா!"

"எங்களுக்கும் சேத்துக் கட்டிட்டாரு. நல்ல மனுசன்."

வீரமுத்து பூசாரியைப் பார்த்தான். பூசாரி வேறு பக்கம் பார்த்தார்.

"கட்டத்தான் எனக்கு உத்தரவு. அவுக்கணும்னா கோயில்ல போய்க் கேக்கணும்" என்றார்.

கிரகோரி விதிப் புத்தகத்தைப் புரட்டினார். கம்பின் கனம் இருந்தது. பந்தின் சுற்றளவு இருந்தது. எலுமிச்சை இல்லை. தாமே அறுத்துவிடலாம் என்று கோல்வரை நடந்தார். கையை உயர்த்தினார். இரண்டு தோட்டமும் மூச்சுவிடாமல் பார்த்தது. கையை இறக்கிக்கொண்டார்.

"நான் வேதக்காரன், மாதா கோயிலுக்குப் போறவன். நான் தொட்டா நாளைக்கு அதையும் ஒரு சண்டையாக்குவீங்க. பழம் இருக்கட்டும். ஆட்டம்."

அய்யாவு எதிர்க் கோலுக்கு நடந்தான். அங்கே கம்பில் திருநீறு இல்லை. கயிறு இல்லை. மேலே வெறும் வானம், இன்னும் மழை தேங்கிய வானம். அவனுக்கு ஏனோ இலேசாக இருந்தது. இனி பந்தைப் பிடித்தால் பிடித்தது அவன்.

பிடித்தான். சபாபதி உதைத்த ஒன்றை இரண்டு கையாலும் குத்தித் தள்ளினான். ஒன்றை முழங்காலால் நிறுத்தினான். கோட்டுக்கு வெளியே ஒரு சத்தமும் இல்லை. யாரைப் புகழ்வது என்று தெரியாமல் எல்லோரும் நின்றார்கள். வெள்ளையம்மா மட்டும் இரண்டு விரலை வாயில் வைத்துச் சீட்டி அடித்தாள்.

ஆட்டம் முடியக் கொஞ்ச நேரம் இருக்கும்போது வீரமுத்து தூரத்திலிருந்து ஒரு பந்தை ஓங்கி உதைத்தான். அது எழும்பிப் போய்க் குறுக்குக் கம்பை ஒட்டிக் கடந்து, பின்னால் லாலான் புல்லில் விழுந்தது.

"கோல்!" என்றது கல்லுமலை.

"மேல போச்சு!" என்றது இரட்டைப்பாலம்.

கிரகோரி நடுத்திடலில் இருந்தார். வலை இல்லை. கண்ணாடியில் தூறல். அவர் ஓடி வந்து கோலுக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். குறுக்குக் கம்பில் அறுந்த கயிறு ஆடிக்கொண்டிருந்தது. பழம் இல்லை. மிளகாய் இல்லை. புல்லுக்குள் போய்த் தேடினார். பந்துக்குப் பக்கத்தில் எலுமிச்சை நசுங்கிக் கிடந்தது.

"கயிறு கம்புக்குக் கீழ தொங்கிச்சு" என்றார். "பந்து மேல போயிருந்தா பழம் எப்படி விழும்? கோல்."

சபாபதி தலையில் அடித்துக்கொண்டான்.

"சார்! அது அவங்க தோட்டத்து எலுமிச்சை! அவங்களுக்குத்தான் சாட்சி சொல்லும்!"

"இப்பத்தானே உங்களதுன்ன?" என்றாள் வெள்ளையம்மா. "வீட்டோட மரமும் சேத்துதானே?"

திடலே சிரித்தது. சபாபதிக்கும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டான்.

ஒன்றுக்குப் பூஜ்யம். பூசாரி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் இன்று வரை யாராலும் ஒத்துப்பேச முடியவில்லை. கல்லுமலைக் கோலுக்கு முன்னால் ஒரு கூட்டம். ஒருவன் விழுந்தான். தானாக விழுந்தான் என்றார்கள் சிலர். வீரமுத்துவின் கால் என்றார்கள் சிலர். கிரகோரி ஊதினார். கையை நீட்டினார். பெனால்டி.

"கொடுத்தத வாங்கிக்கிறாரு!" என்று கத்தினான் காளியப்பன். "கோல் கொடுத்தாருல்ல, அதுக்குத்தான் இது! அய்யாவு நிக்கிற பக்கந்தான் எல்லாம் வரும். நான் சொன்னேன்ல?"

அவன் துண்டைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டான்.

அய்யாவுக்கு அது கேட்டது. வீரமுத்துவின் மச்சான் கோட்டோரம் நின்று கையை நீட்டி மடக்கிக்கொண்டிருந்ததும் தெரிந்தது.

கிரகோரி வந்து சொன்னார். "உதைக்கிறதுக்கு முன்னாடி கால் கோட்டுல அசையக் கூடாது. அசைஞ்சா மறுபடியும் உதைக்கச் சொல்லுவேன்."

சபாபதி பந்தைத் தையல் மேலே பார்க்க வைத்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பெனால்டி உதைத்தவனும் அவன்தான். அய்யாவின் இடப்பக்கம் போட்டான். சபாபதி எப்போதும் அங்கேதான் போடுவான். அய்யாவு இரண்டு வருஷமாக அதை யோசித்திருந்தான். மரம் சீவும்போது யோசித்தான். குளிக்கும்போது யோசித்தான். இடப்பக்கம். சந்தேகமே இல்லை.

சபாபதி ஓடி வந்தான்.

அய்யாவு இடப்பக்கம் பாய்வதற்கு வலக்காலை ஊன்றினான். கால் சேற்றில் வழுக்கி வலப்பக்கமாக ஓடியது. உதைக்கு முன்னாலா, உதையோடா, அவனுக்கே தெரியவில்லை. அவன் அப்படியே வலப்பக்கம் சாய்ந்தான். ஏதோ ஒன்று நெஞ்சில் வந்து இடித்தது. மூச்சு நின்றது. இரண்டு கையும் தாமாக மூடிக்கொண்டன.

கண்ணைத் திறந்தபோது கைக்குள் பந்து இருந்தது.

"கால் அசைஞ்சுச்சு சார்!" சபாபதி கோட்டைக் காட்டினான்.

கிரகோரி கண்ணாடியைக் கழற்றிச் சேற்றைத் துடைத்தார். மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். கோட்டில் நீளமாக ஒரு வழுக்கல் தடம். எப்போது விழுந்த தடம் என்று அதில் இல்லை. சட்டைப்பையைத் தொட்டார். புத்தகத்தை எடுக்கவில்லை.

"கோல் இல்லை" என்றார். கடைசி ஊதலை ஊதினார்.

அய்யாவைத் தூக்கிக்கொண்டார்கள். தூக்கியவர்களில் துண்டு போட்ட இருவரும் இருந்தார்கள்.

"என்னா மூளை!" என்றான் வீரமுத்து. "எல்லாரும் இடப்பக்கம்னு நெனப்போம். அண்ணன் அவன் காலப் பாத்தே கண்டுபுடிச்சிட்டாரு."

சபாபதியே வந்து கையைப் பிடித்தான். "மாமா, பக்கத்த மாத்திப் போடணும்னு நேத்துதான் முடிவு பண்ணேன். என் வீட்டுல கூடச் சொல்லல. எப்படித் தெரிஞ்சுச்சு?"

அய்யாவு வாயைத் திறந்தான். மறுபடியும் தூக்கிவிட்டார்கள்.

தோட்டத்துச் சாலையில் எல்லோரும் முன்னால் போய்விட்டபின், அவனும் வெள்ளையம்மாவும் பின்தங்கி நடந்தார்கள். ரப்பர் மரங்களிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"புள்ள."

"என்னய்யா?"

"மொதப் பாதியில புடிச்சேனே, அதெல்லாம் நான் புடிச்சது."

"தெரியும்."

"கடேசிது வழுக்கிட்டேன்."

வெள்ளையம்மா நின்றாள். அவன் காலைப் பார்த்தாள். முழங்கால்வரை சேறு. சிரிக்கத் தொடங்கினாள். வெகு நேரம் சிரித்தாள். அப்புறம் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"இருக்கட்டும்" என்றாள். "மூணு வருசமா பந்து கம்புல பட்டதுக்கும் குட்டையில நின்னதுக்கும் ஒன்னத்தானே சொன்னாங்க? இதுக்கும் ஒன்னையே சொல்லட்டும்."

மறுநாள் இருட்டுப் பிரியும் நேரத்தில் அய்யாவு கதவைத் திறந்தான். காளியப்பன் வாசலில் நின்றான். துண்டு தோளில் கிடந்தது.

"அண்ணே, ராத்திரி பூரா யோசிச்சேன். வலப்பக்கம்னு எப்படித் தெரிஞ்சுச்சு?"

"வழுக்கிட்டேன்."

காளியப்பன் அவனைப் பார்த்தான். பிறகு பெரிதாகச் சிரித்தான்.

"சொல்ல மாட்டீங்க. சரி சரி. பெரிய ஆட்டக்காரங்க அப்படித்தான்."

உள்ளே வெள்ளையம்மா எதையோ கீழே போட்டாள். சிரிப்பை அடக்குவதற்காக இருக்கலாம்.

இருவரும் சேர்ந்து பெரட்டுக்கு நடந்தார்கள்.

அன்று காலையில் மழை பிடித்தது. மங்குகளில் பாலும் தண்ணீருமாக நின்றது. காளியப்பன் அதைக் கீழே ஊற்றிவிட்டு, வானத்தைப் பார்த்துத் திட்டினான்.