தியேட்டர் கொப்பி

இலட்சுமி வீட்டு டிவிடியில் படம் தெரிகிறதோ இல்லையோ, முன்வரிசைக்காரர்களின் தலைகள் நன்றாகத் தெரியும். இரத்தினபுரித் தியேட்டர் ஒன்றில் எவனோ கமராவை ஒளித்து வைத்துத் திருடிய கொப்பி. இருமல், பிள்ளை அழுகை எல்லாம் அதில் உண்டு. அவளுக்கு வேண்டியது கதாநாயகன் பஸ்ஸிலிருந்து குதிக்கும் இடம். அங்கே ஒரு விசில் கேட்கும், தோட்டத்து லயத்து வீடுகளெல்லாம் அதிரும். அன்று தியேட்டரில் உட்கார்ந்து அதை அடித்தது அவள் மகன் அஜந்தன்.

"அம்மா, என் விசில் நாடு பூரா விக்குது, பாத்தீங்களா!" என்று அந்தக் கொப்பியைக் கொண்டுவந்து ஆடினான். பிறகு மாணிக்கக் குழி வேலைக்குப் போனவனை எலிக்காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. போட்டோ இருக்கிறது, சத்தமென்று மிஞ்சியது இந்த விசில்தான். தேயிலைக் கொழுந்து எடுத்துவிட்டு வந்து அதைக் கேட்டால்தான் அவளுக்குச் சோறு இறங்கும்.

தினமும் ஓடினால் டிவிடி என்னதான் செய்யும்? சரியாக அந்த இடத்திலேயே திக்கத் தொடங்கியது. பதறிப்போய் ஓப்பநாயக்க டவுனுக்கு இறங்கினாள்.

அங்கே டிவிடிக் கடை வைத்திருந்த பவாஸ் இப்போது போன் கவர் விற்கிறான். டிவிடி யார் வாங்குகிறார்கள்? ஆனாலும் பழைய வாக்கு ஒன்றை அவன் விடவில்லை. தியேட்டர் கொப்பி வாங்கியவர்கள் நல்ல பிரிண்டில் கிளியர் கொப்பி வந்ததும் சும்மா மாற்றிக்கொண்டு போகலாம். பழையது புதியதோடு கலந்துவிடக் கூடாதென்று கையோடு உடைத்துப் போடுவான். திருட்டு வியாபாரத்திலும் அப்படி ஒரு நாணயம்!

"தம்பி, இது திக்குது. இதே மாதிரி ஒன்னு குடுங்க."

"அட, இன்னும் இத வச்சிருக்கீங்களா அக்கா? எல்லாரும் எப்பவோ மாத்திட்டாங்க. சல்லி வாணாம், கிளியர் கொப்பியே தாரேன்." பேச்சோடு பேச்சாக டிவிடியை மடக்கினான். டக்கென்று இரண்டானது.

"ஐயோ! ஒடைச்சிட்டீங்களே தம்பி! அதுல எம்புள்ள இருந்தானே!"

அவள் அழுதழுது சொல்லி முடிக்க, பவாஸின் முகம் செத்துப்போனது. கம்பியூட்டரில் தேடினான். பழைய பெட்டிகளைக் கவிழ்த்தான். பெல்மதுளை, பலாங்கொடைக் கடைகளுக்கெல்லாம் போன் போட்டான். எங்கேயும் கிளியர் கொப்பிதான்.

"நாந்தானே அக்கா ஒவ்வொருத்தருக்கும் கூப்பிட்டுக் கூப்பிட்டு மாத்திக் குடுத்தேன்," என்று தலையில் அடித்துக்கொண்டான். அவனைத் திட்டவும் அவளுக்கு வாய் வரவில்லை. பாவம், அவன் நல்லதென்று நினைத்துத்தானே செய்தான்?

சாயங்காலம் புருஷன் சின்னத்தம்பியோடு உட்கார்ந்து கிளியர் கொப்பியைப் போட்டாள். படம் கண்ணாடி மாதிரி இருந்தது. ஒரு தலை இல்லை, ஓர் இருமல் இல்லை. கதாநாயகன் பஸ்ஸிலிருந்து குதித்தான். இலட்சுமி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

சின்னத்தம்பி அவளைப் பார்த்தார். இரண்டு விரலை நாக்கின் அடியில் வைத்து மூச்சை இழுத்து ஊதினார். முன்பல் போன வாய். வெறும் காற்றுதான் வந்தது.

"இன்னொரு தடவ ஊதுங்க," என்றாள் இலட்சுமி.