மச்சான் கழுவிய எஞ்சின்

மெத்தைக் கடைக்கு மேல்மாடியில் உள்ள அறையில், மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், நரைத்த தலைகள் சில ஒரு பெரிய மேஜையைச் சுற்றிக் கூடும். மேஜை முழுக்கத் தண்டவாளம், சுரங்கம், பாலம், விரல் உயரத்துக்கு ஸ்டேஷன் மாஸ்டர். பார்க்கிறவர்கள் யாராவது வாய் தவறி, "பொம்மை ரயில் வச்சு விளையாடறீங்களா?" என்று கேட்டுவிட்டால் தொலைந்தது. அது பொம்மை இல்லை, மாதிரி. அது விளையாட்டு இல்லை, இயக்கம். கீழே மெத்தை வாங்க வந்தவர்கள் மாடியில் 'கூ' என்று சத்தம் கேட்டுத் தலையைத் தூக்கினால், கடைக்காரர் மட்டும், "ஒண்ணுமில்ல, பெரியவங்க விளையாடறாங்க" என்பார். அவர் கட்டடத்துக்குச் சொந்தக்காரர் என்பதால் யாரும் திருத்துவதில்லை.

இந்த மன்றத்தில் புதிதாக எதையாவது வாங்கியவர் அதைச் சும்மா எடுத்து நீட்டிவிட முடியாது. தலைவர் ஒலிபெருக்கியில் அறிவிப்பார். பச்சைக்கொடி காட்டுவார். புது எஞ்சின் மேஜையை ஒரே ஒரு சுற்று வரும். அது நின்றதும் முதலில் பேசுகிறவர் தலைவர். அவர் பேசி முடிக்கும்வரை வேறு யாரும், வாங்கியவர் உட்பட, வாய் திறக்கக் கூடாது. தலைவர் "அருமை" என்றால் எல்லாருக்கும் அருமை. தலைவர் "ம்" என்று மட்டும் சொன்னால், வாங்கியவர் அதைப் பெட்டியில் வைத்து வீட்டுக்கு எடுத்துப்போய்த் தனக்குத்தானே அருமை என்று சொல்லிக்கொள்ள வேண்டியதுதான். தலைவர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பெரிய மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். அங்கேயும் இதே முறைதான் இருந்தது என்று கேள்வி.

மன்றத்தில் ஒருவரான, மூக்குக்கண்ணாடி விற்கும் கண்ணாடிக்கடைக்காரருக்கு அன்றைய சாயங்காலம் சாதாரண சாயங்காலம் இல்லை. மேஜையின் மூலையில் எஞ்சின் கொட்டகை ஒன்று உண்டு. அதில் இடம் கிடைத்த எஞ்சின் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதில்லை. மற்றவர்கள் போட்ட விளக்கின் கீழே, மற்றவர்களின் எஞ்சின்களோடு தோளோடு தோள் உரசிக்கொண்டு நிரந்தரமாக நிற்கும். அங்கே ரொம்ப நாளைக்குப் பிறகு ஓர் இடம் காலியாகியிருந்தது. அதில் இருந்த எஞ்சினை, மகள் வீட்டோடு தங்கப் போய்விட்ட ஆடிட்டர் கையோடு கொண்டுபோய்விட்டார். இப்போது அந்த இடத்துக்கு இரண்டு பேர் குறி. ஒருவர் கண்ணாடிக்கடைக்காரர், இன்னொருவர் பல் டாக்டர்.

போன கூட்டத்திலேயே தலைவர் சொல்லிவிட்டார்: "புதுப்பொண்ணு மாதிரி மினுமினுன்னு வர்ற எதுவும் என் கொட்டகைக்குள்ள வராது. உழைச்ச எஞ்சினா இருக்கணும். பாத்தா வேர்வை தெரியணும்."

அதனால் கண்ணாடிக்கடைக்காரர் பக்கத்து ஊரில் இருந்த அழுக்குக் கலைஞரைத் தேடிப் போனார். எஞ்சினுக்கு அழுக்குப் பூசுவதையே தொழிலாக வைத்திருக்கும் மனிதர் அவர். புத்தம்புது நீராவி எஞ்சின்களைக் கொடுத்தால், புகைபோக்கியின் உதட்டில் கரி, ஆணித்தலைகளைச் சுற்றித் துரு, தண்ணீர்த் தொட்டியிலிருந்து வழிந்து காய்ந்த உப்புக்கோடு என்று முடிநுனித் தூரிகையால் வரைந்து, கையெழுத்துப் போட்ட சான்றிதழோடு திருப்பித் தருவார். அவர் கையால் அழுக்காவதற்கு ஆட்கள் காத்துக்கிடந்தார்கள். கண்ணாடிக்கடைக்காரரும் காத்துக்கிடந்து வாங்கி வந்தார். கடையில் வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் பூதக்கண்ணாடியைக் கண்ணில் சொருகிக்கொண்டு ஒவ்வொரு துருவாகப் பார்த்தார். தன் கல்யாண ஆல்பத்தைக்கூட அவர் அப்படிப் பார்த்ததில்லை.

எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, மச்சான் வரும்வரை.

மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். பெரிய ஹோட்டல் ஒன்றில் அறைகளைச் சுத்தம் செய்யும் பிரிவுக்கே தலைவராக இருந்து சமீபத்தில் ஓய்வு பெற்றவர். ஒரு வாரம் தங்கிவிட்டுப் போகலாம் என்று வந்தவருக்குக் கை சும்மா இருக்கவில்லை. முதல் நாள் மின்விசிறி இறக்கைகள். மறுநாள் அடுப்புக்குக் கீழே, இதுவரை யாரும் போயிராத இடம். அப்புறம் ஸ்விட்சுகள். எந்த அறைக்குள் நுழைந்தாலும் கதவு நிலையின் மேல்விளிம்பை விரலால் ஒரு இழுப்பு இழுத்து, விரலைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்.

"அண்ணன் வந்தாலே வீடு வீடா இருக்கு" என்று மனைவி கணவரைப் பார்த்துச் சொல்வாள். அவருக்கும் அது புரியும்.

ஞாயிறு மதியம் கடையைப் பூட்டிவிட்டு வந்தவர், சாப்பாட்டு மேஜையில் வெள்ளைத் துண்டு விரித்திருப்பதைப் பார்த்தார். துண்டின் நடுவே அவருடைய எஞ்சின். அது பளபளத்தது. அதில் அவர் முகம் தெரிந்தது. திறந்திருந்த வாய் தனியாகவும் தெரிந்தது.

"மாப்பிள, உக்காருங்க" என்றார் மச்சான். "உங்களை யாரோ நல்லா ஏமாத்தியிருக்கான். ஷெல்ஃபைத் துடைக்கிறப்ப எடுத்துப் பாத்தேன், ஒரே கரி, துரு. எங்கயோ கிடந்த பழசை உங்க தலையில கட்டிட்டான்."

"மச்சான்..."

"கவலையே படாதீங்க. வெந்நீர், சோப்பு, பழைய டூத்பிரஷ். புகைபோக்கிக்குள்ள காது குடையற பஞ்சு. போற வர்றவங்க குளிச்ச தொட்டியில முடி ஒண்ணு விடாம எடுத்த கை இது. இதெல்லாம் ஒரு வேலையா?"

மனைவி பக்கத்தில் நின்றிருந்தாள். "காலைல இருந்து குனிஞ்ச தலை நிமிரல. கைகூட வலிக்குதாம். நல்லா இருக்குன்னு சொல்லுங்களேன்."

"நல்லா இருக்கு மச்சான்" என்றார் கண்ணாடிக்கடைக்காரர். கோபம் தொண்டை வரை வந்து, மனைவியின் முகத்தைப் பார்த்ததும் வந்த வழியே திரும்பிவிட்டது.

"சாயங்காலம் எங்கயோ காட்டப் போறீங்களாமே. அண்ணனையும் கூட்டிட்டுப் போங்க. அவரோட வேலையை நாலு பேர் பாக்கட்டும்" என்றாள் மனைவி.

போகாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தார். ஆனால் போகாவிட்டால் கொட்டகை அன்றைக்கே பல் டாக்டருக்கு. போனால், கூட்டம் தொடங்குவதற்கு முன் தலைவரைத் தனியாகப் பிடித்து, ஒரு மாதம் தவணை கேட்கலாம். எஞ்சினைச் சான்றிதழோடு பெட்டியில் வைத்துக்கொண்டு, மச்சானைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார்.

ஆனால் அவர்கள் போய்ச் சேர்ந்தபோதே பல் டாக்டரின் எஞ்சின் சுற்றிக்கொண்டிருந்தது. டாக்டர் செலவைப் பார்க்கிறவர். அழுக்கைத் தானே பூசியிருந்தார், காபிப்பொடியைப் பசையில் குழைத்து. எஞ்சின் போன இடமெல்லாம் காபி மணந்தது. உறுப்பினர்களில் ஒருவரான பேக்கரிக்காரருக்குப் பசி எடுத்துவிட்டது.

சுற்று முடிந்தது. தலைவர் கண்ணை மூடி மூச்சை இழுத்தார்.

"ம்" என்றார்.

டாக்டரின் தோள் இறங்கியது. அடுத்த அறிவிப்பு கண்ணாடிக்கடைக்காரருக்கு.

"தலைவரே, ஓடறதுக்கு முன்னாடி ஒரு விஷயம்..."

தலைவர் உள்ளங்கையைக் காட்டினார். முறை என்றால் முறை. கொடி இறங்கியது. எஞ்சின் கிளம்பியது. வழியெல்லாம், எலிக்குஞ்சு மாதிரி, கீச் கீச் என்று கத்திக்கொண்டு போனது. மச்சான் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, மேடையில் தன் பிள்ளை பாட்டுப் பாடுவதைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

தலைவரின் கண் எந்த அளவுக்குத் தெரியும் என்பது கண்ணாடிக்கடைக்காரருக்குத் தெரியும். சோதித்தவரே அவர்தான். ஒரு கை தூரத்தில் இருக்கும் எஞ்சின் தலைவருக்கு ஒரு கருப்புப் புழுவாகத்தான் தெரியும். அதற்கு அவர் செய்து கொடுத்த கண்ணாடி தலைவரின் சட்டைப்பையிலேயே இருந்தது. சபையில் கண்ணாடி மாட்டிக்கொள்வது தலைமைக்கு அழகில்லை என்பது தலைவரின் கொள்கை. சான்றிதழை மட்டும் பக்கத்தில் இருந்தவரைப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். அழுக்குக் கலைஞரின் பெயர் காதில் விழுந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

எஞ்சின் நின்றது. தலைவர் எழுந்தார்.

"இதுக்குப் பேர்தான் அழுக்கு" என்றார். "புகைபோக்கியைப் பாருங்க. கரி எவ்வளவு அடக்கமா உக்காந்திருக்கு. தன்னைக் காட்டிக்கிற அழுக்கு சின்ன அழுக்கு. இது பெரிய அழுக்கு. அந்தக் கீச்சுச் சத்தம் கேட்டீங்களா? வாழ்நாள் பூரா உழைச்ச முட்டி அது. அருமை."

அதற்குப் பிறகு மற்றவர்களுக்குப் பேச உரிமை வந்தது.

"துரு பிரமாதம்" என்றார் பேக்கரிக்காரர். "ஓரம் மட்டும் முறுகலா இருக்கு."

லிஃப்ட் கம்பெனி இன்ஜினீயர் குனிந்து பார்த்தார், கண்ணைக் கசக்கினார், மறுபடி பார்த்தார். "ஆமா, இருக்கு" என்றார்.

பல் டாக்டர் எஞ்சினை நெருங்கிப் பார்த்தார். மேலிருந்து கீழாகப் பிரஷ் போட்ட தடம் அவருக்குத் தெரியாமல் போகுமா? ஆனால் தலைவர் ஏற்கனவே பேசிவிட்டார். "ஆணிக்கு அடியில கொஞ்சம் காரை படிஞ்சிருக்கு" என்று மட்டும் முனகினார்.

கண்ணாடிக்கடைக்காரருக்குக் காது இரண்டும் சூடாகியது. கொட்டகையின் கதவு திறந்தேவிட்டது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

"எங்க?" என்றது ஒரு குரல்.

எல்லாரும் திரும்பினார்கள். மச்சான் எழுந்து நின்றார்.

"இவர் யாரு?" என்றார் தலைவர்.

"என் வீட்டுக்காரியோட அண்ணன்."

"உறுப்பினர் இல்லாதவங்க பேசறதில்ல."

"நான் பேச வரலீங்க. அழுக்கு எங்கன்னு கேட்டேன்" என்றார் மச்சான். "என் வேலையில யாரும் இதுவரைக்கும் இந்த வார்த்தையைச் சொன்னதில்ல. வெளிநாட்டு அமைச்சர் வந்து தங்கின அறையில சொல்லல. ஒரு பொம்மையில சொல்றீங்க."

'பொம்மை' என்ற சொல்லுக்குப் பேக்கரிக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். மச்சான் அதற்குள் கைக்குட்டையை உதறி விரித்து, எஞ்சினைப் புகைபோக்கி முதல் வால் வரை ஒரு இழுப்பு இழுத்து, தலைவரின் மூக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தார். வெள்ளை. அவ்வளவு பக்கத்தில் தலைவருக்கும் அது தெரிந்தது.

"கலை எல்லார் கண்ணுக்கும் தெரிஞ்சிடாது" என்றார் தலைவர், குரல் ஏறாமல். "எஞ்சின் யாருதோ அவரே சொல்லட்டும். இதுல அழுக்கு இருக்கா, இல்லையா?"

கண்ணாடிக்கடைக்காரர் கொட்டகையைப் பார்த்தார். காலி இடத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. 'இருக்கு' என்று சொன்னால் போதும். மச்சான் நாளை மறுநாள் ஊருக்குப் போய்விடுவார். பிறகு மச்சானைப் பார்த்தார். கைக்குட்டையைப் பிடித்திருந்த கையை அவர் இன்னும் இறக்கவில்லை. காலையிலிருந்து வலிக்கும் கை. முடி ஒன்று மிச்சமிருந்தால் கூப்பிட்டுத் திட்டுவார்கள், இல்லாவிட்டால் யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள் என்ற வேலையில் ஆயுசைக் கழித்த மனிதர், முதல்முறையாகத் தன் வேலையை நாலு பேர் பார்க்கட்டும் என்று வந்திருந்தார். அதோடு, கொட்டகையில் எஞ்சின் நிரந்தரமாக நின்றால் வீட்டு வாசலில் தானும் நிரந்தரமாக நிற்க வேண்டியிருக்கும் என்பதும் அவர் நினைவுக்கு வந்தது.

"இல்ல தலைவரே" என்றார். "ஒரு பொட்டு அழுக்கு இல்ல. மச்சான் காலைல கழுவிட்டாரு. சுத்தமா கழுவியிருக்காரு."

கீழே யாரோ மெத்தையைத் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது. எல்லாரும் அதைக் கவனமாகக் கேட்டார்கள்.

"நானும் அதைத்தான் சொன்னேன்" என்றார் தலைவர் கடைசியில். "நல்ல அழுக்கு போனாலும் அது இருந்த தடம் போகாது. அந்தத் தடத்தைத்தான் நான் பாத்தேன்."

பேக்கரிக்காரருக்குத் தடமும் தெரிந்துவிட்டது. "அதான் சொன்னேனே, ஓரத்துல" என்றார்.

"ஆனா விதி விதிதான். கொட்டகை டாக்டருக்கு."

டாக்டர் எழுந்து எல்லாருக்கும் கும்பிடு போட்டார். காபி மணக்கும் எஞ்சின் தள்ளுமுள்ளு இல்லாமல் கொட்டகைக்குள் போய் நின்றது. தேநீர் வந்தது. பேச்சு சர்க்கரைக்குத் திரும்பியது.

பேக்கரிக்காரர் மச்சானை ஓரமாகக் கூட்டிப்போய் ஏதோ சொன்னார். திரும்பி வந்த மச்சானின் முகம் வேறாக இருந்தது.

"மாப்பிள, அது வேணும்னே பூசின அழுக்காமே."

"ஆமா மச்சான்."

"காசு கொடுத்து?"

"ம்."

மச்சான் கைக்குட்டையை நாலாக மடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா கழுவியிருக்க மாட்டீங்களா?"

மச்சான் நேர்மையாக யோசித்தார். "மேலாக்கத் துடைச்சிருப்பேன்" என்றார்.

கண்ணாடிக்கடைக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அப்புறம் எதுக்கு அது கத்துது?" என்றார் மச்சான். "நான் கழுவினதுல அப்படியெல்லாம் கத்தக் கூடாதே."

"சக்கரத்துல இருந்த எண்ணெயையும் எடுத்துட்டீங்க."

"எண்ணெயா அது? பிசுக்குன்னு நினைச்சேன்." மச்சானின் குரல் முதல்முறையாகச் சின்னதானது.

மூக்குக்கண்ணாடிக் கீலுக்கு விடும் எண்ணெய்க் குப்பி கண்ணாடிக்கடைக்காரரின் பையில் எப்போதும் இருக்கும். எஞ்சினைக் கவிழ்த்து, ஒவ்வோர் அச்சுக்கும் ஊசிமுனையால் தொட்டு வைத்தார். திரும்பத் தண்டவாளத்தில் நிறுத்தித் வேகக் குமிழைத் திருப்பினார். யாரும் அறிவிக்கவில்லை, கொடி காட்டவில்லை, அதனால் ஒரு சுற்றோடு நிறுத்தச் சொல்லவும் யாரும் இல்லை. எஞ்சின் சத்தமில்லாமல் பாலத்தைக் கடந்தது, சுரங்கத்துக்குள் போனது, வந்தது, மறுபடி போனது. தலைவர் தேநீரோடு சுவர்ப்பக்கம் திரும்பி நின்று, சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, தோளுக்கு மேலாக அதைப் பார்த்தார். கண்ணாடிக்கடைக்காரர் பார்க்காததுபோல இருந்துகொண்டார்.

சுற்றச் சுற்ற அச்சிலிருந்து ஒரு சொட்டு எண்ணெய் கசிந்து, பளபளத்த சக்கரத்தில் கருப்பாக ஒரு கோடு இழுத்தது. மச்சானின் கை கைக்குட்டையை நோக்கிப் போனது.

"மச்சான்" என்றார் கண்ணாடிக்கடைக்காரர்.

மச்சான் கையை இழுத்துத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். எஞ்சின் இன்னொரு முறை எதிரே வந்து போனது.

"ஒரு சொட்டுதானே" என்றார் மச்சான், வாய்க்குள்ளேயே. "இருந்துட்டுப் போகட்டும்."