சொல்லாமல் விட்ட வசவு

மெட்டாபிசிக்ஸ் என்றால் பழைய நூல்களில் கடவுள், ஆன்மா, இருப்பு என்று கண்ணுக்குத் தெரியாதவற்றைப் பற்றிய சிந்தனை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டில், கம்யூனிஸ்ட் கிழக்கு ஜெர்மனியின் ஒரு பல்கலைக்கழகத் தத்துவத் துறையிலோ அது சுத்தமான வசவு. எல்லாம் மாறும் என்கிற மார்க்சியத்துக்கு விரோதமாக, எல்லாவற்றையும் தனித்தனியாகப் பிரித்து, எதுவுமே மாறாது என்று நம்புகிறவன் என்று அர்த்தம். ஒருவர் மேல் ஒட்டிவிட்டால் பலாப்பிசின்தான், லேசில் போகாது.

அதை இன்று ஆல்வின் மேல் ஒட்ட வேண்டியவள் ரோஸ்விதா. இருவரும் ஒரே அறையில் உட்கார்ந்து பாடம் தயாரிக்கும் விரிவுரையாளர்கள், பத்து வருட நண்பர்கள். ஆல்வின் பாடம் நடத்தியது கட்சியின் வழிக்கு ஒத்துவரவில்லை என்று புகார். அதை விசாரிக்கும் விமர்சனக் கூட்டத்தில் நெருங்கிய நண்பர்தான் முதலில் எழுந்து குறை சொல்ல வேண்டும் என்பது அங்கே வழக்கம். யார் கண்டுபிடித்தாரோ, அவர் நன்றாக இருக்கட்டும்.

கூட்டத்துக்கு முன்னால் துறைத் தலைவர் ஹாஸெல் அவளை நடைவழியில் மடக்கினார்.

"அந்த ஒரு வார்த்தைய சொல்லிட்டு உக்காந்துடுங்க, தோழர். அவரும் தப்புதான்னு ஒத்துக்குவாரு. ஒரு கண்டனத்தோட முடிச்சிடலாம்."

"சொல்லலன்னா?"

"அப்புறம் எங்க போய் முடியும்னு எனக்கே தெரியாது."

ஆல்வினும் அதையேதான் சொன்னான். "சொல்லித் தொலையேன். எனக்கு ஒண்ணும் வலிக்காது."

அவளுக்கு வலித்தது. நண்பனைத் திட்டிப் பிழைப்பதா என்ற ரோஷம். போதாததற்கு, தன் புத்தி மேல் அபார நம்பிக்கை வேறு.

கதவைச் சாத்தினார்கள். ரோஸ்விதா எழுந்தாள்.

"ஒரு மனுஷன் என்னைக்கும் இப்படியேதான் இருப்பான்னு முத்திரை குத்துறதுதான் மெட்டாபிசிக்ஸ். ஆல்வின் மாறக்கூடியவர். அவரை அப்படிச் சொன்னா, அந்தத் தப்ப செய்யறது நாமதான்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். சிலர் தலையாட்டினார்கள். ஜெயித்துவிட்டோம் என்றே அவள் நினைத்தாள்.

"தோழர் சொல்றது நூத்துக்கு நூறு சரி" என்றார் ஹாஸெல். "மனுஷன் மாறுவான். எங்க மாறுவான்? பாட்டாளிகளோட சேர்ந்து உழைச்சாத்தான். ஆல்வின் ரெண்டு வருஷம் நிலக்கரிச் சுரங்கத்துல வேலை பார்க்கட்டும். சம்மதிக்கிறவங்க கை தூக்குங்க."

எல்லாக் கைகளும் எழுந்தன. தூக்காவிட்டால், ஆல்வின் மாறமாட்டான் என்று அவளே சொன்னதாகிவிடும். பிறகு அந்தச் சொல் அவன் மேல் ஒட்டியே தீரும். ரோஸ்விதா கையைத் தூக்கினாள். அது தன் கைதானா என்று அருவருப்பாக இருந்தது.

வெளியே வந்ததும் ஆல்வின் கோட்டுப் பொத்தான்களைப் போட்டபடி, அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டான்.

"என்னைத் திட்டுறதுக்கு உனக்கு அவ்வளவு கஷ்டமா இருந்துச்சா?"