நடுச்சுவருக்கு ஒரு கல்

கொத்தனார் மூன்று கற்களைக் கூடத்துத் தரையில் வரிசையாக வைத்தார். ஒரு செங்கல், இரண்டு பெரிய ஓட்டைகள் உள்ள ஒரு ஹாலோ பிளாக், கனமே இல்லாத ஒரு வெள்ளைக் கல். கூடத்தின் நடுவே இப்போது பிளைவுட் தட்டிதான் நிற்கிறது. அப்பா போனபின் வீட்டைப் பாகம் பிரித்து அடித்தது. அந்தப் பக்கம் பெரியப்பாவும் பெரியம்மாவும், இந்தப் பக்கம் அம்மாவும் நானும். பெரியப்பா வேலைக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்துத்தான் அம்மா கொத்தனாரை வரச் சொல்லியிருந்தாள். அப்படியும் தெருவில் சைக்கிள் மணி கேட்கும்போதெல்லாம் நான் வாசலை எட்டிப் பார்த்தேன்.

"வெள்ளைக் கல்லு ரம்பத்தால அறுக்கற சாதி, கேக் மாதிரி. ஹாலோ பிளாக்கு சீக்கிரம் ஏறும். ஆனா உள்ள ஓட்டைதானே? நீங்க இங்க கொட்டாவி விட்டா அந்தப் பக்கம் தூக்கம் வரும்" என்றார் கொத்தனார்.

"உதைச்சா உடையுமா?" என்று கேட்டாள் அம்மா.

"எவன்மா சொவத்தப் போயி உதைக்கப்போறான்?" என்று சிரித்தவர், தட்டியின் கீழ்மூலையைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். போன வாரம் பெரியப்பா உதைத்ததில் அங்கே ஒரு முழம் பிளந்திருக்கிறது. அதன் வழியாக அவர் கை உள்ளே வந்து தட்டிக் கதவின் கீழ்த் தாழ்ப்பாளைத் தேடியதை நான் பாயில் உட்கார்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். மோதிரம் போட்ட விரல்கள்.

"அப்ப செங்கல்லே வைங்க. ஒம்போது இஞ்சு. அங்க இடி விழுந்தாலும் இங்க கேக்கக்கூடாது" என்றாள் அம்மா.

அம்மாவுக்கு ஒன்று தெரியாது. பெரியப்பா அடிக்கும்போது பெரியம்மா கத்துவதில்லை. நகர்ந்து நகர்ந்து தட்டியோரம் வந்து விரல் முட்டியால் இரண்டு முறை தட்டுவாள். உடனே நான் ஒரு பாத்திரத்தைக் கீழே போடுவேன். இந்தப் பக்கம் ஆள் விழித்திருக்கிறது என்று தெரிந்தால் பெரியப்பாவின் கை நின்றுவிடும். அம்மா என்னைத் திட்டுவாள், கையில் எதுவும் நிக்காதாடி உனக்கு என்று. இதுவரை நாலு தட்டுகளும் ஒரு குண்டானும் நெளிந்திருக்கின்றன. போன வாரம் அவர் தட்டியை உதைத்ததும் அந்தச் சத்தத்தால்தான்.

செங்கல்லைத் தூக்கிப் பார்த்தேன். நல்ல கனம். இதற்குப் பின்னால் இருந்தால் எந்தத் தட்டலும் கேட்காது, நான் தூங்கிவிடுவேன். அது வேண்டும்போல் இருந்ததுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

"நீ சொல்லுடி. பயந்து சாகறது நீதானே?" என்றாள் அம்மா.

அப்போது தட்டியில் இரண்டு முறை தட்டும் சத்தம். மெதுவாக. பெரியப்பா வீட்டில் இல்லை, யாரும் அடிக்கவும் இல்லை. பெரியம்மா இவ்வளவு நேரமும் அந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

"என்ன அது?" என்றாள் அம்மா.

நான் செங்கல்லைக் கீழே வைத்துவிட்டு, ஹாலோ பிளாக்கின் மேல் விரலை மடக்கி இரண்டு முறை தட்டினேன்.

"இதுவா பாப்பா? சத்தம் தாண்டும்னு சொன்னேனே" என்றார் கொத்தனார்.

வாசலில் சைக்கிள் ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்டது. தட்டியின் பிளவில் தெரிந்த பெரியம்மாவின் பாதங்கள் சட்டென்று விலகின. என் விரல் இன்னும் கல்லின் மேல்தான் இருந்தது.